பாலை ஆற்றப் போவது யார்?

மற்றவர் வீட்டு விஷயம் எனக்கு எதற்கு? மாட்டைக் கறந்தோமா, பாலை ஊற்றினோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருக்கிற ஆள் நான். ஆனால் பாலைக் காய்ச்சிப் பக்கட்டில் அடைக்கிற மரியநாயகம் ஐயாவின் பால் ஸ்டோருக்கும் என் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தகர வேலி. காதைப் பொத்திக்கொண்டு யாராலாவது பால் கறக்க முடியுமா?

போன வாரம் நடந்தது எங்கள் ஊர் வட்டவளை முழுக்கத் தெரியும். ஐயாவின் ஸ்டோரிலிருந்து அட்டனுக்குப் போன பால் பக்கட்டுகள் கடைகளில் திரைந்து, போன லொறியிலேயே திரும்பி வந்தன. பாலைக் காய்ச்சியதில் குறை இல்லை. காய்ச்சிய பாலை உடனே குளிரவைக்க வேண்டும். அதைச் செய்கிற பழைய குளிர் மெஷின் இப்போது மூச்சு வாங்குகிறது. அதனால் எங்களிடம் பாதிப் பாலைத்தான் வாங்குகிறார்கள். என் மாடு மட்டும் முழுசாகத்தான் கறக்கிறது. ஆகவே இது என் விஷயமும்தான்.

மகன் ஜூட்சன் சும்மா இருப்பானா? கொழும்புக்குப் போன் போட்டு, லொறியளவு பெரிய புது மெஷின் ஒன்றுக்குச் சொல்லிவிட்டான். அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் ஸ்டோருக்குப் பின்னால் கொங்கிறீட் மேடை கட்டி, கோயில் ஃபாதரைக் கூட்டிவந்து, தீர்த்தம் தெளித்து மந்திரித்தும் ஆயிற்று. மெஷின் வருவதற்கு முன்னால் மேடைக்கு மந்திரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதில் இப்போதைக்கு என் கோழிகள் ஏறி நிற்கின்றன.

மகள் யூஜினா அண்ணனுக்குச் சளைத்தவளா? பால் பதனிடுகிற படிப்புப் படித்து, கொழும்பில் நல்ல வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு வீட்டு ஸ்டோருக்கென்று வந்தவள். நுவரெலியாப் பக்கம் மூடிக்கிடந்த பண்ணை ஒன்றிலிருந்து ஒரு சாமானை ஏற்றிவந்து இறக்கினாள். எவர்சில்வர் தகடுகளைப் புத்தகம் அடுக்கினாற்போல் அடுக்கி, இறுக்கிக் கட்டிய ஒரு பெட்டி. பிளேட் கூலராம். "பழைய இரும்புக் கடை தொறக்கப் போறியா?" என்று ஜூட்சன் கேட்டது எங்கள் கொட்டில்வரை கேட்டது.

அங்கேதான் நின்றது கதை. இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

மரியநாயகம் ஐயா தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், பழக்கத்துக்கு இல்லை. தோட்டத்தில் விடியக்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பார்களே, பெரட்டு, அதை இன்னும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடத்துகிறார். அவருடைய மனைவி சுகிர்தம் அக்காவுக்கே தேங்காய் துருவுகிற வேலை அந்தப் பெரட்டில்தான் கிடைக்கும்.

நான் பால் வாளியோடு குசினி வாசலில் நின்றேன். உள்ளே பெரட்டு தொடங்கிவிட்டது.

"திங்கக்கெழம நான் கண்டிக்குப் போறேன். முழங்கால் ஒப்பரேசன். அதுக்கப்பறம் நான் ஸ்டோருப் பக்கம் வரமாட்டேன்," என்றார் ஐயா. "பால யாரு ஒழுங்கா ஆத்திக் காட்டுறாங்களோ, பொறுப்பு அவங்க கையில. இன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

"மெஷின் கம்பனி மிஸ் இன்னைக்கு வாறாங்க அப்பா," என்றான் ஜூட்சன். "நீங்க கையெழுத்த வச்சா வேல முடிஞ்சிச்சு."

"எனக்கு ஒரே ஒரு தடவ பால ஓட்டிக் காட்ட விடுங்க," என்றாள் யூஜினா. "சரி வரலேன்னா நான் ஒண்ணும் சண்ட போட மாட்டேன். கட்டாருக்கு வாறேன்னு இன்னைக்கே பதில் அனுப்பிடுறேன்."

கட்டாரில் ஒரு பால் கம்பனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது ஊரறிந்த விஷயம். தாய்க்கு மட்டும் அந்தப் பேச்சே பிடிக்காது. சுகிர்தம் அக்கா தேத்தண்ணிக் கோப்பையை வைத்த வேகத்தில் பாதி மேசைக்குப் போனது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றார் ஐயா. "என்னயக் கேட்டா ரெண்டுமே வேணாம். மலையில இருந்து தண்ணி வருது. நான் கைய வச்சுப் பாத்தேன். ஐஸ்! சும்மா வாற குளிர் இருக்கும்போது எதுக்குக் குளிர வெலைக்கு வாங்குறீங்க? பால் குழாயத் தண்ணிக்குள்ள விட்டா ஆறிட்டுப் போகுது."

ஐயாவின் கையைப் பற்றித் தெரியாதவர்கள் இங்கே இல்லை. வாட்டிய தேயிலைக் கொழுந்தில் ஒரு பிடி அள்ளி, இறுக்கி, விரலை விரிப்பார். கொழுந்து விரிகிற விதத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் காத்து விடு" என்பார். தோட்டத்துத் துரை கருவி வைத்துப் பார்த்தாலும் அதையேதான் சொல்வார். அப்பேர்ப்பட்ட கை. அது ஐஸ் என்றால் ஐஸ்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள் மட்டும் எதுவும் சொல்லாமல் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டாள். அவள் பேசாமல் இருந்தால் ஏதோ வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கம்பனி ஜீப் வந்தது. இறங்கியது பிரியந்தி என்ற பெண். எஞ்சினியராம். ஜூட்சன் ஓடிப்போய்ச் சிங்களத்தில் வரவேற்றான். சிங்களம் பேசினால் அவன் குரல் ஒரு படி ஏறிவிடும், நடையும் ஏறிவிடும். அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே வந்து, நல்ல தமிழில் சொன்னது:

"பரவாயில்ல, தமிழே பேசுங்க. நான் இங்க பக்கத்துல பொல்பிட்டிய. அப்பா அங்க பவர் ஸ்டேசன்ல வேல செஞ்சாரு."

ஜூட்சனின் நடை பழைய படிக்கு இறங்கியது. நான் வாளி கழுவுகிற சாக்கில் குழாயடியில் இருந்துகொண்டேன். ஒரு வாளியை எவ்வளவு நேரம் கழுவலாம் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பிரியந்தி ஸ்டோரைச் சுற்றிப் பார்த்தாள். மேடையையும் பார்த்தாள். "கோழிக் கூடா?" என்று கேட்டாள். ஜூட்சன் கோழிகளை விரட்டினான்.

"மிஸ், நம்ம பெரிய மெஷின் வந்திட்டா தண்ணியே தேவயில்லதானே?" என்றான். "காத்துலயே சூட்ட வெளிய தள்ளிடும். சொல்லுங்க, அப்பா கேக்கட்டும்."

"ஆமா, தண்ணி தேவயில்ல. ஆனா கரண்டு நல்லா இழுக்கும். மழைக்கு இங்க கரண்டு போகும்தானே?"

"ஜெனரேட்டர் போட்டுருவோம்."

"அதுக்கும் ஒரு மேடை கட்டு, ஃபாதரு சும்மாதான் இருக்காரு," என்றாள் யூஜினா.

பிரியந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இன்னொண்ணும் இருக்கு. கூலிங் டவர். தண்ணிய மேல இருந்து தூவி விடுவோம். கொஞ்சம் ஆவியாப் போகும், அப்ப மிச்சத் தண்ணி குளிரும். அதுக்குக் காத்து நல்லாக் காஞ்சிருக்கணும்."

சுகிர்தம் அக்கா குசினிக்குள்ளிருந்தே சத்தம் போட்டார்: "காஞ்ச காத்தா? வட்டவளையிலயா? திங்கக்கெழம தொவச்ச சீல வெள்ளிக்கெழமையும் அடுப்புக்கு மேல தொங்குது. இந்த ஊருக் காத்த நம்பி நீங்க பால ஆத்தப் போறீங்களாக்கும்!"

டவர் கதை அதோடு முடிந்தது.

யூஜினா தன் தகட்டுப் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "மிஸ், தகட்டுக்கு ஒரு பக்கம் சுடுபால் ஓடும். மறுபக்கம் மலைத்தண்ணி ஓடும். ஒண்ணையொண்ணு தொடாது. பாலோட சூட்டத் தண்ணி வாங்கிக்கிட்டுப் போயிரும். மிச்சம் இருக்கிற கடைசிக் குளிருக்கு மட்டும் பழைய மெஷின். அதால முடியாம இல்ல. கொதிக்கிற பால அப்படியே அது தலையில கட்டினோம், அதான் மூச்சு வாங்குது."

"அதுக்குத்தான் பெரிய தலையா ஒண்ணு வாங்கச் சொல்றேன்," என்றான் ஜூட்சன்.

சுகிர்தம் அக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "டேய் ஜூட்சன், கொதிக்கிற ரசச் சட்டியத் தூக்கி பிரிட்ஜுக்குள்ள வச்சா நான் ஒன்னய என்னா செய்வேன்?"

"ஏசுவீங்க."

"ஏன் ஏசுவேன்? மொதல்ல தண்ணிச் சட்டிக்குள்ள எறக்கி ஆற விட்டுட்டுத்தானே பிரிட்ஜுல வைப்போம். இவ அதத்தானே சொல்றா? இதுக்கு எதுக்குடா கொழும்பு?"

"பெரிசா ஒண்ணு வித்தாத்தான் எனக்கு நல்லது," என்றாள் பிரியந்தி. "ஆனா அம்மா சொல்றது சரி. ஒரே ஒரு கேள்விதான். தண்ணி போதுமான குளிரா, போதுமான அளவு வருமா?"

"ஐஸ்!" என்றார் ஐயா, கையைத் தூக்கிக் காட்டி. "அவ மெஷினும் வேணாம், இவன் மெஷினும் வேணாம்னுதான் காலையில இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

யூஜினா இதற்குத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். "அப்பா, கொஞ்சம் கையக் குடுங்க," என்றாள்.

மூன்று வாளிகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் பழைய மெஷினிலிருந்து எடுத்த குளிர்தண்ணீர். ஒன்றில் குளிக்கிற சூட்டில் சுடுதண்ணீர். நடுவில் மலைத் தண்ணீர். ஐயாவை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையைக் குளிர் வாளிக்குள்ளும் வலது கையைச் சுடுதண்ணிக்குள்ளும் விடச் சொன்னாள்.

"என்னா, எனக்கு ஞானஸ்நானமா?" என்றார் ஐயா. ஆனாலும் விட்டார். மகள் கேட்டால் மறுக்கத் தெரியாத மனுஷன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப ரெண்டு கையும் நடு வாளிக்கு," என்றாள்.

ஐயா இரண்டு கையையும் மலைத் தண்ணீருக்குள் வைத்தார். முகம் மாறியது. வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"சொல்லுங்கப்பா. எப்படி இருக்கு?"

"இந்தக் கைக்கு ஐஸ்," என்றார் மெதுவாக. "இந்தக் கைக்கு... வெதுவெதுப்பா இருக்கு."

"ஒரே வாளிதான் அப்பா."

நானும் போய் அதே மாதிரிக் கையை விட்டுப் பார்த்தேன். மாதா சத்தியமாக, நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள் என்றாலும் சொல்கிறேன், ஒரே வாளித் தண்ணீர் இரண்டு கைக்கும் இரண்டு பேச்சுப் பேசியது. பிரியந்தி வெப்பமானியை விட்டுப் பார்த்து, பதினேழு டிகிரி என்றாள். பாலுக்கு வேண்டியது நாலாம். பிறந்ததிலிருந்து சுவட்டரோடு திரிகிற எங்களுக்கு எந்தத் தண்ணியைத் தொட்டாலும் ஐஸ்தான். கொழுந்துக்குச் சரி, பாலுக்கு அந்தக் கணக்கு ஆகாது.

பெரிய மனுஷனை வெளியாள் முன்னால் இப்படிச் செய்துவிட்டாளே, இப்போது கத்தப் போகிறார் என்று வாளியை இறுக்கிப் பிடித்தேன். ஐயா துவாயில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"வாட்டம் பாக்க இது நல்ல கை," என்றார். "பால் பாக்க வேற சாமான் வேணும் போல. சரி, ஓட்டு பாப்போம்."

பின்நேரப் பால் எல்லாம் வந்து சேர்ந்து, காய்ச்சி முடித்து, ஓட்டத் தொடங்கும்போது மிஸ்ட், அதுதான் பனிமூட்டம், இறங்கிக்கொண்டிருந்தது. யூஜினா மலைத் தண்ணிக் குழாயை முழுசாகத் திறந்தாள். தகட்டுப் பெட்டி ஒருமுறை உதறி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. ஒரு பக்கம் ஆவி பறக்கிற பால் உள்ளே போனது. மறுபக்கம் பச்சைப்பிள்ளை குடிக்கிற இளஞ்சூட்டில் வெளியே வந்தது. அதைப் பழைய மெஷின் வாங்கிக்கொண்டது. நேற்றுவரை ஆஸ்பத்திரி வார்ட்டு மாதிரி முனகிய மெஷின், இன்றைக்குச் சத்தமே இல்லாமல் வேலை செய்தது.

எல்லோர் கண்ணும் பாலின் குளிரைக் காட்டி மெஷினில் ஓடிய சிவப்பு எண்ணில். இருபதுக்குக் கீழே வந்தது. பத்துக்குக் கீழே வந்தது. வழக்கமாக அங்கேதான் சண்டித்தனம் பண்ணும். ஜூட்சன் கிட்டே போய்க் குனிந்து நின்றான், ஏதாவது பிழை கண்டுபிடிக்கலாம் என்று. எண் ஏழாயிற்று. ஐந்தாயிற்று.

"நாலு," என்றான் ஜூட்சன். வேறு யாரும் வாய் திறக்காததால் அவனே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஒரு சொல்லுக்கு அவன் பட்ட பாடு!

பிரியந்தி கை தட்டினாள். சுகிர்தம் அக்கா மகளைக் கட்டிப்பிடிக்கப் போய், மாவுக் கையென்று நினைவு வந்து நின்றுவிட்டார். யூஜினா மட்டும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். அதற்குத்தானே கொழும்பையும் விட்டு வந்தாள்?

ஐயா "ம்" என்றார். நொண்டி நொண்டிப் போய்த் தகட்டுப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். வெளிக்குழாயைப் பார்த்தார். பாலின் சூட்டை வாங்கிய தண்ணீர் அதிலிருந்து ஆவியோடு வந்து பீப்பாயில் விழுந்து கொண்டிருந்தது. 

அப்போதுதான் கேற்றில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.

வந்தவர் செல்லசாமி, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற கீழ் லயத்துத் தலைவர். இடுப்பில் துவாய். கையில் வாளி. தலை முழுக்கச் சவுக்கார நுரை. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, நடுங்கிக்கொண்டு நின்றார். பின்னால் லயத்துப் பெண்கள் துணி வாளிகளோடு நின்றார்கள். யாருக்காவது சிரிப்பு வந்திருந்தால் அந்தத் திறந்த கண்ணைப் பார்த்ததும் போயிருக்கும்.

"டீமேக்கர் ஐயா! பீலியில தண்ணி நின்னு போச்சு! மேல தொட்டிக்கு ஆள் விட்டுப் பாத்தா அடி தெரியிது. முழுத் தண்ணியும் ஒங்க குழாயில ஓடுது!"

மேலே தொட்டி ஒன்றுதான். அதிலிருந்து இரண்டு குழாய்: ஒன்று ஸ்டோருக்கு, ஒன்று லயத்துச் சனம் குளிக்கிற பீலிக்கு. ஸ்டோர்க் குழாய் தொட்டியின் அடியிலிருந்து கிளம்புகிறது. முழுசாகத் திறந்தால் மற்றதுக்கு என்ன மிஞ்சும்? யூஜினா ஒரு வாரமாகத் தண்ணியை அளந்தாள். ஆனால் காலையில்தான் அளந்தாள். காலையில் லயமே மலையில் கொழுந்து எடுக்கும், தொட்டி நிறைந்து வழியும். வேலை விட்டு வந்து எல்லோரும் ஒரேயடியாகக் குளிக்கிற நேரம் இது. இந்தக் குடும்பம் லயத்தை விட்டு மேலே வந்து ஒரு தலைமுறைதான் ஆகிறது, அதற்குள் குளிக்கிற நேரம் மறந்து போயிற்று. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்கிறார்கள்?

"பாத்தீங்களா அப்பா!" ஜூட்சனுக்கு உயிர் வந்தது. "நம்ம மெஷினுக்குத் தண்ணியே தேவயில்ல. மிஸ், அந்தக் கடதாசிய எடுங்க, இப்பவே முடிச்சிருவோம்."

பிரியந்தி பையைத் தொடவில்லை. ஐயாவைப் பார்த்தாள்.

"ஐயா, ஒங்களத்தான் கேக்குறேன்," என்றார் செல்லசாமி. "இது யாரக் கேட்டு நடந்திச்சு?"

மரியநாயகம் ஐயா மகனைப் பார்த்தார். கடதாசிக்காக அவன் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு ஒரு காலை இழுத்து இழுத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

"என்னயக் கேட்டு என்னா செய்ய, செல்லசாமி? இந்த ஸ்டோருக்குப் பொறுப்பு அந்தா நிக்கிறாளே, அவ. அவகிட்டக் கேளு."

சுகிர்தம் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். ஜூட்சன் நீட்டிய கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். யூஜினாவின் முகத்தில் ஒரு கணம் விளக்கேற்றினாற்போல் ஒரு வெளிச்சம். காத்துக் கிடந்த சொல் வந்துவிட்டது. கூடவே நுரைத் தலையோடு ஒரு ஊரும் வந்து நிற்கிறது.

அவள் போய்க் குழாயை மூடினாள். திரும்பிச் செல்லசாமியிடம் வந்தாள்.

"ஒங்களக் கேக்காம எடுத்தது என் பிழதான் அண்ணே. சாக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். மொதல்ல இங்கிட்டு வாங்க, கண்ணு எரியும்."

கையைப் பிடித்துப் பீப்பாயடிக்குக் கூட்டிப்போனாள். ஒரு வாளி மொண்டு, தலையில் ஊற்றினாள். சூடான தண்ணீர். அந்த மிஸ்டில், அந்தக் குளிரில் சூடான தண்ணீர்! செல்லசாமியின் தோள் இரண்டும் தானாக இறங்கின. இன்னொரு வாளி. மூடிய கண்ணும் திறந்தது. பெண்கள் கேற்றைத் தாண்டி உள்ளே வந்து, பீப்பாயிலிருந்து எழும்புகிற ஆவியை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி விரலை விட்டுப் பார்த்து, பக்கத்தில் நின்றவளின் தோளில் இடித்தாள்.

கோபப்பட வந்தவர் என்பது செல்லசாமிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் நினைவு வந்தது.

"இது இன்னைக்குச் சரிங்க தங்கச்சி," என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு?"

"நாளைக்கும் பால் ஓடணும்."

"அப்ப நாளைக்கு நான் தனியா வரமாட்டேன். கீழ் லயம் முழுசும் வரும். சொல்லிட்டேன்."

"வரட்டும் அண்ணே. பேசுவோம்," என்றாள் யூஜினா. "வரும்போது எல்லாரையும் மாத்துத்துணி எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். செல்லசாமி சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் தாண்டினார். ஆனால் லயத்துப் பக்கம் இறங்கவில்லை. தண்ணியைத் தானே அளந்து பார்க்கவோ என்னவோ, ஈரத் தலையோடு, தொட்டி இருக்கிற மேட்டுப் பாதையில் ஏற ஆரம்பித்தார்.